பனிக்கு அடியில் யசோ

கையில் இருந்த கருவி நாற்பத்திரண்டு என்றது. அடுத்த நொடி பதினெட்டு. அதற்கடுத்த நொடி ஐம்பது.

நான் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறேன். எண்கள் மட்டும் தாவிக்கொண்டிருந்தன. பனிக்குள் புதைந்து கிடக்கிறவர் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார் என்று சொல்ல வேண்டிய எண்கள் அவை. நெருங்க நெருங்கக் குறைய வேண்டும். அவை குறையவும் இல்லை, கூடவும் இல்லை. பைத்தியம் பிடித்ததுபோல் ஆடின.

"யசோ!" என்று கத்தினேன். பதில் இல்லை. பதில் வராது என்று எனக்குத் தெரியும். பனிக்குள் இருப்பவருக்கு நம் குரல் கேட்டாலும் அவர் குரல் நமக்குக் கேட்காது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் கத்தினேன்.

ஒரு நிமிடத்துக்கு முன்னால் அந்தச் சரிவில் ஒரு சிவப்பு ஜாக்கெட் நடந்துகொண்டிருந்தது. இப்போது உடைந்த வெள்ளைக் கட்டிகள் மட்டும் கிடந்தன. அவற்றின் மேல் மாவு தூவியதுபோல் பனித்தூள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் ஏறிய காற்றில் இரும்பு வாடை அடித்தது.

இந்தத் தொடரில் வாடகை வீடு தேடி அலைந்ததை எழுதினேன். ஆஸ்பத்திரியில் முதல் நாள் அழுததை எழுதினேன். இதை மட்டும் வாரா வாரம் தள்ளிப்போட்டேன். எழுதினால் பாதியில் நிறுத்த முடியாது என்பதுதான் காரணம்.

கறுப்பு மணலில் ஊறுகாய் டப்பா

ஆக்லாந்தில் பனி விழாது. இங்கே குளிர்காலம் என்றால் மழை, காயாத துணி, ஜன்னல் ஓரத்தில் பூஞ்சணம். பனியைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே நாலரை, ஐந்து மணி நேரம் கார் ஓட்டி ருவாபெஹு மலைக்குப் போக வேண்டும். எரிமலைதான். ஆனால் குளிர்காலத்தில் இடுப்புக்கு மேல் வெள்ளையாக நிற்கும்.

எனக்கு முப்பத்தெட்டு வயதில் அந்தக் கிறுக்குப் பிடித்தது. நான் பிசியோதெரபிஸ்ட். நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவளுக்குத் தன் மூச்சு இரைக்கிற இடம் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு மேல் விளக்கம் கிடையாது. "அம்மா, வொய் காண்ட் யூ ஜஸ்ட் டூ யோகா?" என்று என் மகள் கேட்டாள். கணவர் எதுவும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் திரும்பி வருவேன் என்பதை மட்டும் எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டி வைப்பார்.

பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பில்தான் மற்ற இருவரையும் சந்தித்தேன். யசோ யாழ்ப்பாணத்துக்காரி. என் வயதுதான். லின்ஃபீல்டில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பென்ரோஸில் ஒரு பெரிய கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இருபது ஆண்களை ஒரு விசிலில் நிறுத்துகிற குரல் அவளுக்கு. பிரகாஷ் ஃபிஜியில் பிறந்தவன், எங்களைவிட நாலைந்து வயது சின்னவன், கிளென்ஃபீல்டில் எலக்ட்ரீஷியன். அவன் பாட்டனாருக்குப் பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர். அவனிடம் மிஞ்சியிருந்த தமிழ் ஒரு கைப்பிடிதான். 'அக்கா', 'வா', 'போ', 'தண்ணி', அப்புறம் சில சாமி பெயர்கள். மற்றதெல்லாம் ஆங்கிலம். அவன் பேச்சையும் அவனோடு நாங்கள் பேசியதையும் இங்கே பெரும்பாலும் தமிழில்தான் தருகிறேன்.

வகுப்பு முடிந்தபின் நாங்களே பயிற்சி செய்தோம். பனி இல்லாத ஊரில் எப்படி? மேற்குக் கடற்கரையின் கறுப்பு மணலில்தான். பனியில் போகிற ஒவ்வொருவரும் மார்பில் ஒரு டிரான்ஸீவர் கட்டிக்கொள்ள வேண்டும். அது எப்போதும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் 'தேடு' என்று மாற்றி அந்த சிக்னலைப் பிடிக்க வேண்டும். யசோ ஒரு பழைய ஊறுகாய் டப்பாவில் தன் டிரான்ஸீவரைப் போட்டு மணலில் புதைப்பாள். நானும் பிரகாஷும் தேடிப் பிடிப்போம். நாயோடு நடந்துபோன ஒருவர் கல்யாண மோதிரம் தொலைந்துவிட்டதா என்று பரிதாபமாக விசாரித்தார்.

"ஓம், மோதிரம்தான். உள்ளுக்க ஆளும் இருக்கிறார்" என்று யசோ அவருக்குத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

எவ்வளவு வேகமாகக் கண்டுபிடித்தாலும் அவள் திருப்தியடைய மாட்டாள். "மூச்சு நிண்டுபோச்சு. இன்னொருக்கால்" என்பாள்.

பத்து, பதினைந்து நிமிடம்தான் கணக்கு. அதற்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் எதிரி. ஹெலிகாப்டர் வரும் என்று காத்திருப்பவர் பிணத்தைத்தான் எடுப்பார். கூட வந்தவர்தான் காப்பாற்ற வேண்டும்.

அட்டைப் பெட்டி அடுக்கு

பனிச்சரிவு என்றால் மலை உச்சியிலிருந்து பெரிய பந்து உருண்டு வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் அப்படிப்பட்டதில்லை. காற்று பனியை ஒரு பக்கத்திலிருந்து வாரி, மறுபக்கச் சரிவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அது பலகைபோல் இறுகிவிடுகிறது. அடியில் பழைய பனி சர்க்கரைபோல் உதிரியாக இருக்கும். மேலே பலகை, கீழே சர்க்கரை. பார்ப்பதற்கு அழகான, மடிப்பில்லாத வெள்ளை விரிப்பு. அதில் ஓர் ஆள் எடை ஏறினால் போதும்.

யசோ இதைக் கிடங்கு மொழியில், பெட்டிகளை அடுக்கித் தூக்கும் மரத்தட்டான பலட்டை வைத்துச் சொல்வாள். "அடிப்பெட்டி நனைஞ்ச பலட் மாதிரி. பிளாஸ்டிக் சுத்தி, வெளியால வடிவா நிக்கும். ஒருத்தன் ஃபோர்க்லிஃப்ட்டால மெல்ல முட்டினாக் காணும். முழுக்க ஆளுக்கு மேலதான்."

எச்சரிக்கை இல்லாமல் அது உடையாது. காலடியில் பனி 'தும்' என்று அமுங்கும் சத்தம் ஒன்று. பாதத்திலிருந்து கோடாக ஓடும் விரிசல் இன்னொன்று. இவற்றில் எதைக் கண்டாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், மூவரில் ஒருவர் தயங்கினாலும் மூவரும் திரும்ப வேண்டும் என்று முதல் பயணத்திலேயே பேசி வைத்திருந்தோம்.

தயங்கியது எப்போதும் நான்தான். அந்த ஆண்டு தொடர்ந்து இரண்டு முறை நான் சொல்லித்தான் திரும்பினோம். இரண்டாவது முறை நாங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது வானம் நீலமாகிவிட்டது. நாங்கள் விட்டுவந்த அதே சரிவை ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே கடந்துபோவது தெரிந்தது.

திரும்பும் வழியில் பிரகாஷ் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, "அக்கா, அடுத்த தடவை மவுண்ட் ஈடன் போகலாம். அங்கே புல்தான் இருக்கு, சரியாது" என்றான்.

மவுண்ட் ஈடன் ஆக்லாந்து நடுவில் உள்ள குன்று. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஏற்றுவார்கள். யசோ சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததால் அது போய்விடவில்லை. உள்ளே எங்கேயோ முள்போல் தங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாளே போய் மலையடிவார ஊரான ஒஹாகுனேயில் ஒரு கேபினில் தங்கியிருந்தோம். காலையில் யசோ பனிச்சரிவு முன்னறிவிப்பை வாசித்தாள். அபாயம் ஐந்து படிகளில் மூன்றாவது. இரண்டு நாள் தென்மேற்குக் காற்று, வடகிழக்குச் சரிவுகளில் பலகைப் பனி, கவனம்.

"மூண்டு எண்டா போகலாம். இடத்தைப் பாத்துப் போவம்" என்றாள்.

நான் தலையசைத்தேன். தவறான முடிவு இல்லை. மூன்றாம் படியில் எத்தனையோ பேர் பத்திரமாகப் போய் வருகிறார்கள்.

காலை முழுக்க நன்றாகவே நடந்தது. பனியில் கால் புதையாமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் அகலமான ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு, பாறை தெரிகிற முகடு வழியாக ஏறினோம். பதினொரு மணி வாக்கில் முகடு முடிந்துபோனது. எதிர்ப்பக்க முகட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று, மேலே பாறைகளைச் சுற்றி முக்கால் மணி நேரம் கூடுதலாக ஏறுவது. மற்றது, நேரே ஒரு சின்னச் சரிவைக் குறுக்காகக் கடப்பது. அறுபது, எழுபது மீட்டர் அகலம் இருக்கும். வடகிழக்கு பார்த்தது. கீழே ஓடை ஓடுகிற பள்ளம்.

மேகம் மேலே பாறைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. "மேல போனா ஒண்டும் தெரியாது. குறுக்கால போவம், ஒவ்வொருத்தரா" என்றாள் யசோ.

அவளும் பிரகாஷும் முதுகுப்பை வார்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நான் சரிவின் ஓரத்தில் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

'தும்.'

பக்கத்து அறையில் யாரோ கனமான மெத்தையைக் கீழே போட்டதுபோல. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, உள்ளங்காலில் உணர்ந்தேன். என் ஸ்னோஷூ நுனியிலிருந்து ஒரு கோடு ஓடியது. நூல் அளவு மெல்லியது. மூன்று, நான்கு மீட்டர் போய் நின்றது.

நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

வாய் திறக்கவில்லை. அந்தக் கணத்தில் என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். மூன்றாவது தடவை. நாலரை மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறோம். மவுண்ட் ஈடன். ஓரத்தில்தானே விரிந்தது, ஓரத்தில் பனி மெல்லியதாகத்தான் இருக்கும். இப்படி எனக்கு நானே வழக்கறிஞராக வாதாடி, இரண்டே நொடியில் வென்றுவிட்டேன்.

"நான் முன்னுக்குப் போறன். நீங்கள் ரெண்டு பேரும் கண்ணை எடுக்காமப் பாருங்கோ" என்றாள் யசோ.

"சரி யசோ" என்றேன்.

சிவப்பு ஜாக்கெட்

சாம்பலும் வெள்ளையுமாக இருந்த பின்னணியில் அந்தச் சிவப்பு அவ்வளவு அழகாக இருந்தது. நான் ஃபோனை எடுத்து வீடியோ எடுக்கத் தொடங்கினேன். அவள் நடுவுக்குப் போயிருப்பாள். திரும்பி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

அவளுக்கு மேலே, முப்பது மீட்டர் உயரத்தில், சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. நான் பார்த்ததுபோல் நூல் கோடு இல்லை. தட்டு உடைந்ததுபோல. பிறகுதான் சத்தம் வந்தது.

முழு விரிப்பும் நகர்ந்தது. முதலில் மெதுவாக. யசோ நின்ற தரையே அவளைத் தூக்கிக்கொண்டு போனது. "ஏய்!" என்று ஒரே ஒரு முறை கத்தினாள். கட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அவள் கைகளை நீச்சல்போல் அடித்தாள். சரிவு வளைந்து இறங்குகிற இடத்தில் சிவப்பு ஒருமுறை மேலே வந்தது. அதற்குப் பிறகு இல்லை.

எல்லாம் நின்றது. பத்து நொடிகூட ஆகியிருக்காது. என் கையில் ஃபோன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

பிரகாஷ் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டியபடி நின்றான். கடைசியாக அவள் தெரிந்த இடம். "அங்கே! அந்தக் கறுப்புக் கல்லுக்கு நேர் கீழே! அக்கா, மேலே பாருங்க, இன்னும் வருமா?"

பார்த்தேன். உடைந்த விளிம்புக்கு வலப்பக்கம் ஒரு துண்டு விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டு ஹால் அளவு.

"ஒரு பகுதி நிக்குது பிரகாஷ்."

அவன் ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு அவனிடம் இருந்த தமிழில் ஒரு சொல் வந்தது. "போ! போ! போ!"

எண்கள்

ஓடினோம், விழுந்தோம், சறுக்கினோம். கீழே கட்டிகளுக்கு நடுவே நின்று டிரான்ஸீவரைத் தேடலுக்கு மாற்றினேன். அப்போதுதான் அந்த நாற்பத்திரண்டு, பதினெட்டு, ஐம்பது.

கறுப்பு மணலில் நூறு தடவை செய்த வேலை. ஒருமுறைகூட இப்படி ஆடியதில்லை. கருவி கெட்டுவிட்டதா? யசோவின் கருவி உடைந்துவிட்டதா? இடது பக்கம் நாலடி வைத்தேன். அம்பு வலது பக்கம் திரும்பியது. வலது பக்கம் போனேன், அம்பு என்னையே காட்டியது.

இருபது மீட்டருக்கு அப்பால் இருந்த பிரகாஷ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அக்கா! ஃபோன்! த்ரோ யுவர் ஃபோன்!"

ஃபோன். படம் பிடித்த கையோடு மார்புப் பைக்குள் திணித்திருந்தேன். டிரான்ஸீவருக்கு ஒரு சாண் தள்ளி. ஃபோனின் மின் இரைச்சல் சிக்னலைக் குழப்பும், அணைத்து முதுகுப்பையில் வையுங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். அழகாக இருக்கிறது என்று வெளியே எடுத்தவள் நான்.

எடுத்து வீசினேன். அது எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

முப்பத்தொன்று. நின்றது. ஆடவில்லை.

இருபத்து நாலு. பத்தொன்பது. அம்பு காட்டிய வழியில் முழங்காலளவு கட்டிகளில் ஏறி இறங்கினேன். பதினொன்று. ஆறு. பிரகாஷும் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான். மூன்றுக்கு வந்ததும் மண்டியிட்டேன். கருவியைப் பனியோடு ஒட்டி மெதுவாக நகர்த்த வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவன்தான் தவறவிடுகிறான். கடற்கரையில் யசோ என் தோளை அமுக்கி, "மெல்ல, மெல்ல" என்பாள்.

இரண்டு புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி நாலு. ஒன்று புள்ளி ஒன்று. மறுபடி ஒன்று புள்ளி மூன்று. பின்னால் வந்தேன். ஒன்று புள்ளி ஒன்று.

"இங்கே!"

பிரகாஷ் ஆழம் பார்க்கும் மடக்குக் கம்பியை உதறி நீட்டிப் பனிக்குள் செருகினான். மரத்தில் குத்துவதுபோல் இறங்கியது. இல்லை. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. கல்லில் பட்டு நின்றது. மூன்றாவது குத்தில் அவன் முகம் மாறியது.

"சாஃப்ட்" என்றான். "சாஃப்டா இருக்கு."

ஒரு மீட்டர்

சரிந்து நின்ற பனி உடனே சிமென்ட்போல் இறுகிவிடும். கையால் ஒரு பிடி அள்ள முடியாது. கம்பியை அப்படியே விட்டுவிட்டுச் சரிவின் கீழ்ப்பக்கமிருந்து உள்ளே குடைந்தோம். அவன் மண்வாரியால் வெட்டினான், நான் வெட்டியதைப் பின்னால் தள்ளினேன். அவன் இருமல்போல் மூச்சு விடுவதும் உலோகம் பனியில் உரசுவதும் மட்டும் கேட்டது. தொங்கிக்கொண்டிருந்த துண்டு எங்களுக்கு நேர் மேலே இருந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

சிவப்புத் துணி தெரிந்தது. முதுகுப்பை. தலை அதற்கும் கீழே. அவள் குப்புற, ஒரு கை முதுகுக்குப் பின்னால் முறுக்கிய நிலையில் கிடந்தாள்.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விரலால் தோண்டினேன். தலைமுடி. காது. முகத்தைத் திருப்பினேன். உதடு நாவல்பழ நிறம். மூக்கையும் வாயையும் சுற்றிக் கண்ணாடிபோல் ஒரு மெல்லிய ஐஸ் படலம். அவள் விட்ட மூச்சே உறைந்து அவளை அடைத்திருந்தது. அதை உடைத்தேன். வாய்க்குள் விரலை விட்டுப் பனியை வழித்தேன். காதை வைத்துக் கேட்டேன்.

மூச்சு இல்லை.

என் தொழிலே மூச்சு. ஆனால் அப்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்றுதான். வாய் திறந்திருந்தால் போதாது, நெஞ்சு விரிய இடம் வேண்டும். அவள் மார்பு இன்னும் அந்த சிமென்ட்டுக்குள்.

"பிரகாஷ், நெஞ்சு! நெஞ்சைச் சுத்தி வெட்டு!" பிறகுதான் உறைத்தது, அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் வாயில் வரவில்லை. என் நெஞ்சில் அடித்துக் காட்டினேன். அவனுக்குப் புரிந்தது. அவள் விலாவுக்குப் பக்கத்தில் மண்வாரியை இறக்கினான்.

வாயோடு வாய் வைத்து ஊதினேன். முதல் மூச்சு உள்ளே போகவில்லை. பிரகாஷ் ஒரு பெரிய கட்டியைப் பெயர்த்து இழுத்தான். மறுபடி ஊதினேன். மார்பு எழுந்தது. இன்னொன்று.

இருமினாள்.

அப்படி ஓர் அசிங்கமான, அழகான இருமலை என் வேலையில் நான் கேட்டதில்லை. இருமி, வாந்தி எடுத்து, மறுபடி இருமினாள். கண் திறந்தது. நேராக என்னைப் பார்த்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ஏன் லைட்டை நிப்பாட்டினீங்கள்?" என்றாள்.

பிரகாஷ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பனிச்சரிவு நின்றதும் அதில் நேரத்தை ஓட விட்டிருக்கிறான். எனக்கு அது தோன்றவே இல்லை. பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

தொங்கிய துண்டு

மீட்பு மையத்துக்குச் சிக்னல் அனுப்பும் அபாய பீக்கனைத் தட்டிவிட்டோம். ஹெலிகாப்டர் வரும், ஆனால் மேகம் விலக வேண்டும். யசோவுக்குத் தோள் இறங்கியிருந்தது, காறை எலும்பு உடைந்திருந்தது, இடப்பக்க விலா எலும்புகள் எத்தனை என்று தெரியவில்லை. நகர்த்தினால் கத்தினாள். நகர்த்தாவிட்டால், மேலே தொங்குகிற துண்டு விழுந்தால் மூவரும் முடிந்தோம்.

ஒரு பாறையின் பின்பக்கம் வரைக்கும், பத்தடி, அவளை இழுத்தோம். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. எங்களிடம் இருந்த எல்லாத் துணியையும் அவள் மேல் போட்டோம். நான் அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரகாஷ் எங்களுக்கு முன்னால் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்தால் கத்த வேண்டும் என்பது திட்டம். கத்திவிட்டு என்ன செய்வது என்பதற்குத் திட்டம் இல்லை.

"என்ர கிளவ்ஸ் ஒண்டைக் காணேல்ல" என்றாள் யசோ.

"பரவாயில்ல யசோ, வேற வாங்கிக்கலாம்."

"புதுசு மீனா. போன கிழமைதான் எடுத்தது." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "என்ர கிளவ்ஸ் ஒண்டைக் காணேல்ல."

ஒன்றரை மணி நேரத்தில் இதை முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். அவள் நிறுத்திவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

மேகத்துக்குள் ஹெலிகாப்டர் சத்தம் இரண்டு முறை நெருங்கி விலகிப்போனது. மூன்றாவது முறை ஓர் ஓட்டை கிடைத்தது. அவர்கள் இறங்கி அவளைத் தூக்குகிற வரைக்கும் அந்தத் துண்டு விழவில்லை. கடைசிவரை விழவே இல்லையா, நாங்கள் போனபிறகு விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

பொன்னாடை

ஆக்லாந்துக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் யசோவின் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். வாசலில் நின்றபடியே என் இரு கைகளையும் பிடித்து, "உங்களாலதான் எனக்கு அவ திரும்பக் கிடைச்சவ" என்று அழுதார்.

செய்தி பரவியது. ஒரு தமிழ் விழாவில் என்னையும் பிரகாஷையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒருவர் எங்களைப் பற்றிக் கவிதைகூட வாசித்தார். பிரகாஷுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. முன்வரிசையில் யசோ கையைத் தூளியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மற்றக் கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கைதட்ட அவளுக்கு இரண்டு கை இல்லை.

அந்தப் பொன்னாடையோடு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. பிரகாஷிடம் சொன்னேன், "யசோ வீட்டுக்கு வா. ஒண்ணு சொல்லணும்."

யசோவின் சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். அவள் ஒரு கையால் தேநீர் போட்டாள். உதவ விடவில்லை.

நான் சொன்னேன். 'தும்' என்ற சத்தம். ஓடிய கோடு. காலை இழுத்துக்கொண்டது. "நான் பாத்தேன் யசோ. பாத்துட்டுத்தான் உங்களைப் போகவிட்டேன்."

யசோ கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே யாரோ புல் வெட்டும் மெஷினை ஓட்டினார்கள்.

பிரகாஷ்தான் முதலில் பேசினான். மேசையைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னான். "எனக்கும் கேட்டது. அக்கா கால்ல இருந்து கோடு போனதையும் பார்த்தேன். மீனா அக்கா சொல்லுவாங்கன்னு இருந்தேன். எப்பவும் அவங்கதானே சொல்லுவாங்க. அவங்க சொல்லல. அப்ப சரின்னு நினைச்சேன்."

யசோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானும் கண்டனான்" என்றாள்.

"என்ன?"

"கோட்டைக் கண்டனான். நான் குனிஞ்சு பையைக் கட்டேக்க. நீங்கள் காலை எடுத்ததையும் கண்டனான். ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல. நான்தான் குறுக்கால போவம் எண்டு சொன்ன ஆள். சொல்லிப்போட்டு எப்பிடி மாறுறது எண்டு நினைச்சன்."

நான் அழ ஆரம்பித்தேன். ஒரு நிம்மதி வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். குற்றம் மூன்றாகப் பிரிந்தால் பாரம் குறையும் என்று ஓர் அற்ப நிம்மதி. யசோ அதைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அழாதேங்கோ. நீங்கள்தான் என்னை எடுத்தீங்கள், அதை நான் மறக்கேல்ல. ஆனா நீங்கள் சொல்லியிருந்தா நான் திரும்பியிருப்பன். அதுவும் உண்மைதான் மீனா. ரெண்டையும் நான் வச்சிருக்கத்தான் வேணும்."

அதற்குப் பிறகு

பிரகாஷ் மலையை விட்டுவிட்டான். இப்போது கடலில் மீன் பிடிக்கப் போகிறான். நானும் ஒரு குளிர்காலம் முழுக்கப் போகவில்லை. யசோ தோள் சரியானதும் போனாள், கிடங்கில் வேலை செய்கிற இரண்டு பெண்களோடு. என்னைக் கூப்பிடவில்லை. லின்ஃபீல்டில் கடையில் பார்த்தால் நிற்போம், பேசுவோம். வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், என் மகளைக் கிண்டல் செய்வாள். மலையைப் பற்றி மட்டும் என்னிடம் பேச மாட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரியில் ஒரு முதியவருக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அதிர்ந்தது. யசோவிடமிருந்து ஒரு படம். வெள்ளைச் சரிவு. நான் பார்த்திராத இடம். அதன் கீழே ஒரு வரி: "இதில உங்களுக்கு என்ன தெரியுது?"

முதியவரிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் விளிம்பில் காற்று பனியைக் குவித்து வைத்திருந்தது. வலப்பக்கம் விரிப்பு கொஞ்சம் உப்பலாக இருந்தது. அவ்வளவுதான். விரிசல் எதுவும் இல்லை. மற்றபடி நல்ல சரிவு. நாலரை மணி நேரம் தள்ளி ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, இதைக் கடக்காதே என்று சொல்ல நான் யார்?

எழுதினேன். "வலப்பக்கம் பலகை மாதிரி தெரியுது. எனக்குப் பிடிக்கல. நானா இருந்தா போக மாட்டேன்."

ஒற்றை டிக். இன்னும் போய்ச் சேரவில்லை; அங்கே சிக்னல் வந்து போகும். உள்ளே போய் முதியவரின் மூச்சை எண்ணினேன். தப்பாக எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு தடவை வெளியே வந்து பார்த்தேன். ஒற்றை டிக்தான்.

மூன்றாவது தடவை பார்த்தபோது பதில் வந்திருந்தது.

"எனக்கும் பிடிக்கேல்ல. இறங்கிறம். அடுத்த கிழமை நீங்கள் ஃப்ரீயோ?"